ஒற்றைக் கம்பியும் இரட்டைச் சுழியும்

ஓரகத்திகள் இரண்டு பேர் ஒரே அம்மியில் அரைத்துக் குடித்தனம் நடத்திவிடலாம். பங்காளிகள் இரண்டு பேர் ஒரே கிணற்றில் முறை வைத்து இறைத்துவிடலாம். (நடுவில் மண்வெட்டியைத் தூக்குவார்கள், இருந்தாலும் இறைத்துவிடுவார்கள்.) ஆனால் தந்திக் குமாஸ்தாக்கள் இரண்டு பேர் ஒரே கம்பியை வைத்துக்கொண்டு ஒற்றுமையாகத் தொழில் பார்த்ததாகச் சரித்திரமே கிடையாது. இந்த உண்மையை நான் கற்றுக்கொண்டது யுத்த காலத்தில், பெரம்பலூரில், கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில்.

அப்போது நான் பெரம்பலூர் தபால் ஆபீசில் தந்தி அடிக்கிற குமாஸ்தா. சொந்த ஊர் பக்கத்திலேயே குரும்பலூர். எங்கள் குடும்பத்தில் ஏர் பிடிக்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்பதால் எனக்குக் கால் தரையில் பாவாது. குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்திருந்தேன். சும்மா கிராப்பு இல்லை. தேங்காய் எண்ணெய் தடவி, முன்பக்கம் அலை அலையாக ஏற்றிவிட்ட கிராப்பு. அந்த அலையைச் சரிபார்க்கவே மேஜை டிராயரில் ஒரு கைக்கண்ணாடி வைத்திருந்தேன். (தந்தி வாங்கும்போதுகூடக் கண்ணாடி பார்த்ததுண்டு. அப்படிப் பார்த்த ஒரு நாளில்தான் 'அப்பா சௌக்கியம்' என்று வந்த தந்தியில் 'சௌக்கியம்' விட்டுப்போய், வெறும் 'அப்பா' மட்டும் ஒரு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒப்பாரியே வைத்துவிட்டார்கள்.)

எங்கள் ஆபீசுக்கென்று தனிக் கம்பி கிடையாது. பெரம்பலூரில் புறப்படுகிற கம்பி, அரியலூர் ஆபீசுக்குள் நுழைந்து வெளியே வந்து, அப்புறம் திருச்சி பெரிய ஆபீசுக்குப் போகும். மூன்று ஆபீசுக்கும் அந்த ஒரே கம்பிதான். ஒருவர் தந்திக் கருவியின் சாவிக்கட்டையை அழுத்தி 'டக் டக்' என்று அடித்தால் மற்ற இரண்டு இடத்திலும் கருவி கூடவே அடிக்கும். அடிப்பது யார் என்று கருவி சொல்லாது. கேட்கிறவனாகத்தான் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் அடித்தால், கல்யாண வீட்டில் இரண்டு கோஷ்டி மேளம் ஒன்றாக வாசித்த கதையாகிவிடும். ஆகவே சட்டம் என்னவென்றால், முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். கம்பி சும்மா இருந்தால்தான் தொடங்க வேண்டும்.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அரியலூர் ஆபீசில் ரஹீம் பாய் இருந்தார்.

ரஹீம் பாயை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர் என்று கேள்வி. அரியலூரில் ரயில் உண்டு, மண்டிகள் உண்டு. ஆகவே தந்தியும் மலைபோல வரும். அவர் ஒன்றை முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். நான் நடுவில் புகுந்து 'நிறுத்து' என்று அடிப்பேன். அவர் 'நீ நிறுத்து' என்பார். கம்பியில் வைவதற்கு வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம் இல்லையாதலால் இருவருமே தாராளமாக வைதுகொண்டோம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் கெட்ட வார்த்தைகளில் பாதி ரஹீம் பாய் உபயம்.

கடைசியில் திருச்சியில் தந்தி வாங்குகிறவர், "உங்கள் இரண்டு பேரைப் பற்றியும் மேலிடத்துக்கு எழுதி அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டினார். அதற்குப் பிறகுதான் நாங்கள் இருவரும் கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைப்பதுபோலக் கம்பிக்கும் முறை வைத்துக்கொண்டோம். ஒரு மணி நேரம் அவர் அனுப்புவது, அடுத்த ஒரு மணி நேரம் நான் அனுப்புவது. ஒன்பது அடித்தால் அவர் முறை. பத்து அடித்தால் என் முறை. பதினொன்று அடித்தால் மறுபடி அவர் முறை. திருச்சிக்காரருக்கோ எங்கள் போஸ்ட் மாஸ்டருக்கோ இந்த ஒப்பந்தம் தெரியாது. இரண்டு மாதம் கம்பி அமைதியாக ஓடியது. நான் இதை என் ராஜதந்திரத்துக்குக் கிடைத்த வெற்றி என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்த நேரத்தில்தான் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. யுத்தத்தை முன்னிட்டு நாடு முழுக்கக் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். இது எதற்கு என்று எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. கடைத்தெருவில் யாராவது மணி சொன்னால், "பழசா, புதுசா?" என்று கேட்காமல் ஒருவரும் நம்புவதில்லை. சேவல்கள் உத்தரவை மதிக்கவே இல்லை.

நான் சர்க்கார் உத்தியோகஸ்தன். உத்தரவு அமலுக்கு வந்த காலையில் ஸ்டூல் போட்டு ஏறி ஆபீஸ் கடிகாரத்து முள்ளைத் தள்ளிவைத்தேன். ஒப்பந்தமும் கடிகாரத்தோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். கடிகாரத்தில் பத்து அடித்தால் என் முறை. அதில் என்ன சந்தேகம்?

அரியலூரில் ரஹீம் பாய் தம் ஆபீஸ் கடிகாரத்தையும் தள்ளித்தான் வைத்தார். ஆனால் அவர் யோசனை வேறு. ஒப்பந்தம் செய்தது பழைய டயத்தில். ஆகவே ஒப்பந்தம் பழைய டயத்தில்தான் நிற்கும். சர்க்காருக்காக வாக்கு மாறுவது மனுஷன் செய்கிற காரியமில்லை. அதாவது, புதுப் பத்து என்பது பழைய ஒன்பது. பழைய ஒன்பது அவருடைய முறை. நானோ புதுப் பத்து என்னுடைய முறை என்று உட்கார்ந்திருக்கிறேன்! (உங்களுக்குத் தலை சுற்றினால் கவலைப்படாதீர்கள். எனக்கு இதைப் புரிந்துகொள்ளப் பல நாள் ஆனது. நான் சம்பந்தப்பட்டவன் வேறு.)

இத்தனைக்கும் நடுவே, அதே நாள் காலையில், என்னை மாப்பிள்ளை பார்க்கத் திருமானூர் பக்கத்திலிருந்து ஒருவர் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

பெண்ணின் பெயர் செல்லம்மாள். நான் பார்த்ததில்லை. என் அக்காதான் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. ஆனா வாய் கொஞ்சம் நீளம். நான் ஒண்ணு கேட்டா அவ ரெண்டு கேக்குறா" என்று அக்கா குறையாகச் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்தப் பெண்ணின்மேல் ஒரே ஆசையாகிவிட்டது. வேறு எந்தப் பெண்ணைப் பற்றியும் யாரும் அப்படி ஒரு குறை என்னிடம் சொன்னதில்லை. அவளையே கட்ட வேண்டும், இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். (வெளியே சொல்லவில்லை. சொன்னால் அப்பா செருப்பைத் தேடுவார்.)

பெண்ணின் தகப்பனார் மருதமுத்து நெடுநெடு என்று உயரம், நாலே வார்த்தை பேசுகிறவர். என் எதிரே பெஞ்சியில் உட்கார்ந்து என்னையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பையன் வேல செய்யறதப் பாக்கலாம்னு வந்தேன். எனக்குத் திருப்திதான். பொண்ணுக்குத் தாய்மாமன் திருச்சியில இருக்கான். அவன் சரின்னாத்தான் சரி. அவனுக்கு ஒரு தந்தி குடுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் தலையசைக்காமல் ஒரு பெண்ணுக்கும் தாலி ஏறாது. தந்தியை நானே எழுதினேன். தந்தி அந்தக் காலத்தில் இங்கிலீஷில்தான்; இங்கே தமிழில் சொல்கிறேன்: 'மாப்பிள்ளை பார்த்தேன். உத்தியோகம் நல்லது. குடும்பம் கௌரவம். எனக்குத் திருப்தி. வெள்ளிக்கிழமை வரவும்.' என்னைப் பற்றி நானே அனுப்புகிற நற்சான்று என்பதால் கையெழுத்து மிக அழகாக வந்தது.

அப்போது கடிகாரத்தில் பத்தாகக் கால் மணி இருந்தது.

"பத்தடிக்கட்டுங்க. இப்ப கம்பி அரியலூர்க்காரர் மொறை" என்றேன்.

மருதமுத்து கருவியைப் பார்த்தார். அது காலையிலிருந்தே செத்த எலிபோலக் கிடந்தது. ரஹீம் பாய் அதை என் முறை என்று விட்டுக்கொடுத்துவிட்டு அங்கே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"கம்பி சும்மாதானே கெடக்கு?" என்றார்.

"மொறைன்னா மொறைதாங்க" என்றேன். என் நேர்மையை அவர் கவனிக்கட்டும் என்று கிராப்பை ஒருமுறை தடவிக்கொண்டேன்.

பத்து அடித்தது. திருச்சியைக் கூப்பிட்டேன். அதே விநாடி ரஹீம் பாயும் கூப்பிட்டார். திருச்சிக்காரர், 'வா' என்றார். அவர் யாரை வா என்றார் என்பதில்தான் எல்லா வினையும். இரண்டு பேரும் போனோம்.

அரியலூரில் ஒரு மாட்டுத் தரகர், திருச்சியில் உள்ள ஒரு மிராசுதாருக்காகக் காளை பார்த்துவிட்டுத் தந்தி கொடுத்திருந்தார். அந்த வாசகம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது: 'காளை பார்த்தேன். இரட்டைச் சுழி உண்டு. வேண்டாம், வேறு பார்க்கலாம்.' மாடு பிடிக்கிறவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைப் பார்ப்பார்கள். சுழி சரியில்லாத மாடு சும்மா கொடுத்தாலும் தொழுவத்தில் ஏறாது.

என் எதிரில் கருவி நெல் குத்துவதுபோல அடித்தது. இரண்டு பேர் கை என்று தெரிந்துவிட்டது. நியாயமாக நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வருங்கால மாமனார் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் என் முறையை இன்னொருவனுக்கு விட்டுக்கொடுப்பதா? நான் இன்னும் பலமாக அழுத்தினேன். (பலமாக அழுத்தினால் எழுத்து பலமாகப் போகாது என்று பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.) அவர் நிறுத்தினால் நான் இரண்டு வார்த்தை நுழைத்தேன், நான் மூச்சு வாங்கினால் அவர் நான்கு வார்த்தை நுழைத்தார்.

உள்ளே இருந்து போஸ்ட் மாஸ்டர் ஓடிவந்தார். ஊரூராகத் தந்திக் கம்பியை அறுத்துக்கொண்டிருந்த சமயம் அது. "என்னய்யா சத்தம்? கம்பிய எவனாச்சும் அறுத்துட்டானா?" என்றார்.

"அவசரத் தந்தி சார். அப்படித்தான் அடிக்கணும்" என்றேன்.

மருதமுத்து முகத்தில் மெல்ல ஒரு மரியாதை வந்தது. "பாவம், கையெல்லாம் வேர்த்துடுச்சு" என்றார்.

திருச்சிக்காரர் என்ன செய்தார் என்றால், எதிரே இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குவதுபோல, இந்த வார்த்தை இவன் கையாக இருக்கும், அந்த வார்த்தை அவன் கையாக இருக்கும் என்று பிரித்துப் பிரித்து எழுதினார். முடிவில், 'இரண்டும் வந்தது. இரண்டு பேரும் தொலையுங்கள்' என்று அடித்தார். நான் திருப்பி ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கலாம். மாமனார் முன்னால் அப்படிக் கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று, "போயிடுச்சுங்க" என்று எழுந்து கும்பிட்டேன். அவரும் கும்பிட்டுவிட்டுத் திருமானூருக்குப் பஸ் ஏறினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. குரும்பலூரில் எங்கள் வீட்டில் பெண் வீட்டார் கை நனைக்க ஏற்பாடு. எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: சம்பந்தம் முடிவாகும்வரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் சாப்பிட மாட்டார்கள். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் முடிந்தது. அப்புறம் அந்த ஆண்டவனே வந்தாலும் சம்பந்தத்தை மாற்ற முடியாது. கை நனைக்காமல் எழுந்துவிட்டால் அதோடு சரி. கூடத்தில் வரிசையாக இலை போட்டு, சாம்பார் வாசம் தெருவரை போய்க்கொண்டிருந்தது.

அப்போது திருச்சியிலிருந்து தாய்மாமன் துரைசாமி வந்து இறங்கினார். அரிசி மண்டி வைத்திருந்தவர். கையில் தந்தி. வந்தவர் உட்காரவில்லை, தண்ணீர் வாங்கவில்லை. நேரே மருதமுத்து முன்னால் போய் நின்றார்.

"மச்சான், ஒங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"என்ன துரைசாமி?"

"ரெட்டைச் சுழிக்காரனுக்குப் பொண்ணக் குடுக்க ஒங்களுக்குத் திருப்தியா? நாளைக்கு இன்னொருத்தியக் கட்டிக்கிட்டு வந்து நிப்பான். அப்ப எங்க அக்கா மவ எங்க போவா?"

துரைசாமி தந்தியைப் பிரித்தார். ஒரு கோர்ட்டு குமாஸ்தாவிடம் படிக்கக் கொடுத்து, நான்கு தடவை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். சபைக்கு உரக்கச் சொன்னார்: "'மாப்பிள்ளை பார்த்தேன். இரட்டைச் சுழி உண்டு. எனக்குத் திருப்தி. வெள்ளிக்கிழமை வரவும்.' இது நீங்க குடுத்த தந்திதானே?"

தலையில் இரண்டு சுழி இருக்கிறவனுக்கு இரண்டு கல்யாணம் என்பது எங்கள் ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என் தலையைப் பார்த்தார்கள்.

"நான் சுழியப் பத்தியே பேசல" என்றார் மருதமுத்து. "தம்பிதான் எழுதுனாரு. தம்பிதான் அடிச்சாரு. தம்பி, நீங்க சொல்லுங்க. தந்தி தப்பாப் போகுமா?"

தந்தி தப்பு என்றால், எந்த உத்தியோகத்தைப் பார்த்து எனக்குப் பெண் கொடுக்க வந்தார்களோ அந்த உத்தியோகமே எனக்குத் தெரியாது என்று ஆகிவிடும். தந்தி சரி என்றால், எனக்கு இரட்டைச் சுழி. தப்பு என்றால் மாமனார் போய்விடுவார்; சரி என்றால் தாய்மாமன் போய்விடுவார். எப்படிப் போனாலும் செல்லம்மாள் போய்விடுவாள். புத்தியுள்ள எவனும் அந்த இடத்தில், "கம்பியில் ஏதோ குழப்பமுங்க" என்று உண்மையைச் சொல்லியிருப்பான்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சர்க்கார் தந்தி தப்பாப் போகாதுங்க" என்றேன்.

அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். துரைசாமி என் தலையில் கையை வைத்தார்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. என்னை முற்றத்து வெளிச்சத்தில் மணைபோட்டு உட்காரவைத்தார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக என் கிராப்பைக் கலைத்துப் பார்த்தார்கள். பெண்ணின் பெரியப்பா, "ஒண்ணுதான்" என்றார். சித்தப்பா, "இங்க பாருங்க, கீழ இன்னொண்ணு சுத்திக்கிட்டுப் போவுது" என்றார். எங்கள் தரப்பு ஆள் ஒருவர், "அது சுழியில்ல, எண்ணெய்" என்றார். துரைசாமி வெகு நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "ஒண்ணர" என்று தீர்ப்புச் சொன்னார். ஒன்றரைச் சுழிக்கு எத்தனை கல்யாணம் என்று யாருக்கும் தெரியவில்லை. இலைகளில் ஈ மொய்க்க ஆரம்பித்தது.

"இந்த முடிய வச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாது. மழிச்சாத்தான் தெரியும். மழிச்சு ஒத்தைச் சுழின்னா நான் மொத ஆளா கை நனைக்கறேன்" என்றார் துரைசாமி.

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா முதல் நாளிலிருந்தே என் கிராப்புக்கு விரோதி. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். "சிறுவாச்சூர் அம்மனுக்கு வேண்டுதல்னு சொல்லிக்கலாம். கூப்புடுங்கடா நாவிதர" என்றார்.

நிச்சயத்தன்று மொட்டையடித்துக்கொண்ட மாப்பிள்ளை எங்கள் தாலுகாவிலேயே நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். என் அலைகள் ஒவ்வொன்றாக மடியில் விழுந்தன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. செல்லம்மாளை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்து அடக்கினேன். நாவிதர் கடைசி இழுப்பு இழுத்துத் தண்ணீர் தெளித்துத் துடைத்ததும், முழுக் கூடமும் முற்றத்துக்கு வந்து குனிந்தது.

ஒற்றைச் சுழி. சந்தேகமே இல்லாமல், நட்ட நடுவில், சந்தனப் பொட்டு வைத்தாற்போல ஒன்றே ஒன்று.

"மன்னிக்கணும் மாப்பிள்ள" என்று துரைசாமி என்னைக் கட்டிக்கொண்டார். சொன்னபடி முதல் ஆளாக உட்கார்ந்து கையை நனைத்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஆறிப்போன சாம்பாரை அவ்வளவு சந்தோஷமாகச் சாப்பிட்டவர்களை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பாயசம் பரிமாறும்போது வாசலில் ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார். குல்லாய், தாடி, கையில் குடை.

"இங்க தந்தி ஆபீஸ் தம்பி வூடு எது?"

"நான்தாங்க. நீங்க?"

"அரியலூர் ரஹீம்."

இத்தனை நாள் வைதுகொண்ட இருவரும் அப்போதுதான் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். திருச்சி மிராசுதாருக்குப் போய்ச் சேர்ந்த தந்தி: 'காளை பார்த்தேன். உத்தியோகம் நல்லது. குடும்பம் கௌரவம். வேண்டாம், வேறு பார்க்கலாம்.' மிராசுதார் ரயிலேறி அரியலூருக்கே வந்து, காளைக்கு எந்த ஆபீசில் உத்தியோகம் என்று தரகரின் சட்டையைப் பிடித்திருக்கிறார். தரகர் ரஹீம் பாயிடம் வந்து கத்தியிருக்கிறார். ரஹீம் பாய் உட்கார்ந்து யோசித்து, காளைக்கு என் கௌரவம் போய்விட்டதென்றால் எனக்குக் காளையின் சுழி வந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, ஒரு குடும்பம் கெட்டுவிடக் கூடாதே என்று லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டு, பெரம்பலூர் ஆபீசில் அந்த மாப்பிள்ளை நான்தான் என்று விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

நல்ல மனுஷர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"கொஞ்சம் முன்னால வந்திருக்கக் கூடாதா பாய்?" என்றேன்.

"வந்திருப்பேன் தம்பி. பஸ் ஸ்டாண்டுக்குக் கரெக்டாத்தான் வந்தேன். பஸ்ஸு ஒரு மணி நேரம் முன்னாலயே போயிடுச்சுங்கறான்! அடுத்த பஸ்ஸப் புடிச்சு வரேன்" என்றவர், அப்போதுதான் என் தலையைப் பார்த்தார். முற்றத்தில் கிடந்த முடியையும் பார்த்தார். "யா அல்லா" என்றார்.

விஷயம் புரிந்ததும் துரைசாமி பாயசத்தோடு எழுந்துவிட்டார். "அப்ப இந்தத் தந்தி வேலையே இவனுக்குத் தெரியாதா? இவனுக்கா பொண்ணு?"

மருதமுத்து அன்றைக்குப் பேசியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த நாலு வார்த்தை அப்போதுதான் பேசினார். "ஒக்காரு துரைசாமி. கை நனைச்சாச்சு."

ரஹீம் பாய்க்கும் இலை போட்டோம். அவர் சாப்பிட்டுக்கொண்டே, "கோவிச்சுக்காதே தம்பி. ஆனா பத்து மணி என் மொறைதான்" என்றார்.

"எந்தப் பத்து?" என்றேன்.

"புதுப் பத்து. அது பழைய ஒம்போது இல்லியா?"

"புதுசுல எப்படி பாய் பழசு வரும்?"

நாங்கள் வெற்றிலை போட்ட பிறகும் பேசினோம். எங்கள் சம்பந்திகளும் சேர்ந்து பேசினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் கூடத்தில் இருந்த ஒருவருக்கும் அப்போது மணி என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

புரட்டாசி பிறப்பதற்குள் என்று அவசரமாக ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. முள்ளு முள்ளாக முளைத்திருந்ததை முகூர்த்தத்துக்கு முதல் நாள் மறுபடியும் மழித்துவிட்டார்கள். செல்லம்மாளின் வாய் நீளம் என்று அக்கா சொன்னது பொய் என்றே தோன்றியது. கல்யாணத்தன்றும் மறுவீட்டிலும் தலை குனிந்தபடியே இருந்தாள். என்னை ஒன்றிரண்டு முறைதான் நிமிர்ந்து பார்த்தாள். அந்த மொட்டையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாளா, அழுகையை அடக்கினாளா என்று தெரியவில்லை. இரண்டொரு நாளில் அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்து அழைத்துப் போகட்டும் என்று ஏற்பாடு.

நான் நாளெண்ணிக் காத்திருந்தேன். முடியும் வளர்ந்தது. போன கௌரவத்துக்கு ஈடாக இருக்கட்டும் என்று புதிதாக மீசை வேறு வைத்தேன். தீபாவளிக்கு முதல் நாள் சில்க் ஜிப்பா போட்டுக்கொண்டு புறப்பட்டால், வழியில் மழை பிடித்துக்கொண்டது. பஸ் பாதியில் நின்றுவிட, அந்தப் பக்கம் போன ஒரு கரும்பு வண்டியில் ஏறிக் குறுக்கு வழியாகப் போய் மாமனார் வீட்டு வாசலில் இறங்கினேன். உள்ளே பலகாரம் சுடுகிற வாசம் வந்தது. கதவைத் தட்டினேன்.

செல்லம்மாள்தான் திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தேன். அவள் சட்டென்று கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள்.

"அப்பா வூட்டுல இல்லீங்க. மாப்பிள்ளைய அழைச்சிக்கிட்டு வர ரோட்டுக்குப் போயிருக்காங்க. அப்புறமா வாங்க" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கு ஆயிரம் பேர் எனக்கு யோசனை சொல்கிறார்கள். ஆனால் கட்டின பெண்டாட்டி முதல் முதலாக என்னைப் பார்த்துப் பேசிய வார்த்தை அது. அதுவும் அவ்வளவு மரியாதையாக. எனக்கு என்ன ஏது என்றே விளங்கவில்லை.

"சரிங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டேன்.

ரோட்டில் மாமனார் குடையோடு நின்றுகொண்டிருந்தார். மொட்டைக்கு முன்னால் என்னைப் பார்த்தவர் என்பதால் அடையாளம் தெரிந்துவிட்டது. "என்ன மாப்பிள்ள, வூட்டுப் பக்கத்துலேர்ந்து வரீங்க?" என்றார்.

"போனேன் மாமா. நீங்க இல்லேன்னு சொன்னாங்க. அதான் வந்துட்டேன்" என்றேன்.

அந்த வீட்டில் அந்தத் தீபாவளிக்கு வெடி வாங்கியிருக்கவே வேண்டாம், அப்படிச் சிரித்தார்கள். செல்லம்மாளின் வாய் நீளம் என்று அக்கா சொன்னது சத்தியம் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து நான் முடி வெட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து, "அவங்க வூட்டுல இல்லீங்க, அப்புறமா வாங்க" என்று குரல் வரும். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து பேரன் பேத்திகள் கற்றுக்கொண்டார்கள். போன மாதம் சலூனிலிருந்து வந்தபோது, இன்னும் பேச்சே திருந்தாத கடைசிப் பேத்தி வாசலை மறித்துக்கொண்டு அதைச் சொன்னது. நானும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, தெருமுனைக் கடையில் ஒரு காபி குடித்துவிட்டு அப்புறமாக வந்தேன்.